ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கும் வண்டி

என் அப்பா பொள்ளாச்சி – வால்பாறை தடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டியவர். 2000ஆம் ஆண்டு ஒரு மாலை, பணி முடிந்து காக்கிச் சட்டையோடு என்னைத் தேடி வந்தார். நான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று டிவிகள், மூன்று பிளேஸ்டேஷன்கள், ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அவரோ என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து, "இது என்ன வண்டி கண்ணு, ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கிறது?" என்றார்.

நான் ஆடிக்கொண்டிருந்தது வைப்அவுட் 2097. தரையைத் தொடாமல் மிதந்து பறக்கும் வண்டிகளை வைத்து நடக்கும் பந்தயம். போகிற போக்கில் ராக்கெட் விடலாம், கண்ணிவெடி போடலாம். கடைக்கு வரும் பையன்கள் எல்லோரும் அந்த ராக்கெட்டைத்தான் பேசுவார்கள். அப்பா கண்ணில் முதலில் பட்டது பிரேக்.

"அது ஏர் பிரேக் அப்பா" என்றேன். "ஏர் பிரேக்கா? ஏர் டேங்க் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பேருந்தில் ஏர் பிரேக் என்றால் கம்ப்ரசர் அடைத்துவைக்கும் காற்று வேலை செய்வது. மிதியில் இருந்து காலை எடுத்தால் 'புஸ்' என்று ஓசை வரும். இந்த வண்டியின் ஏர் பிரேக் வேறு. இரண்டு பக்கமும் தனித்தனி மடல். இடது மடலைத் திறந்தால் அந்தப் பக்கம் மட்டும் காற்று தடுக்கும், மூக்கு இடது புறம் இழுபடும். வலது மடலுக்கும் அப்படியே. பேருந்தில் பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் அது கோளாறு. டிப்போ பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு மெக்கானிக் பார்க்கும்வரை அப்பா அந்த வண்டியைத் தொட மாட்டார். அந்தக் கோளாற்றையே இங்கே திருப்பும் முறையாக வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டபோது, இடுப்பில் கைவைத்துச் சற்றுக் குனிந்து பார்த்தார். அன்றைக்கு அவர் வைத்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

சக்கரம் இல்லாத வண்டி என்பதால் தரையில் பிடிமானம் கிடையாது. மூக்கைத் திருப்பினாலும் உடம்பு பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். புதிதாக ஆடுகிறவர்கள் சுவரில் மோதுவது இதனால்தான். 1995இல் வந்த முதல் வைப்அவுட்டில் சுவரைத் தொட்டால் வண்டி கிட்டத்தட்ட நின்றேபோகும். அதை ஆடியவர்களுக்கு அந்தக் கோபம் தெரியும். 2097இல் அதைத் தளர்த்தினார்கள். உரசினால் தீப்பொறி பறக்கும், வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஓட்டம் அறுந்துவிடாது. அந்த ஒரு மாற்றம் போதும், 2097ஐ முதல் விளையாட்டைவிட உயர்த்திச் சொல்ல.

அப்பா சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் என் ஆட்டத்தை மாற்றியது. "வளைவுக்குள் போன பிறகு பிடிக்காதே. வளைவு கண்ணில் படும்போதே பிடித்துவிடு."

ஆழியாறு தாண்டியதும் வால்பாறைச் சாலையில் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எண் பலகை உண்டு. அப்பா அந்த எண்களை வைத்தே பேசுவார். ஒன்பதில் அணையைப் பார்க்கச் சுற்றுலா வண்டிகள் நின்றிருக்கும், முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பார். ஏறி வருகிறவனுக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்பார். வளைவில் போய் பிரேக்கை மிதிப்பவன் ஓட்டுநரே இல்லை என்பது அவர் கட்சி. நான் அன்று அவர் சொன்னபடி, வளைவுக்கு ஒரு நொடி முன்பே ஏர் பிரேக்கை லேசாகத் தட்டிப் பார்த்தேன். அழுத்திப் பிடிக்கவில்லை, தட்டினேன். மூக்கு முன்கூட்டியே உள்ளே திரும்பியது. வண்டி வளைவின் உள்விளிம்பை ஒட்டிக்கொண்டு, வழுக்காமல் வெளியே வந்தது. என் சுற்று நேரம் அன்றைக்கே இரண்டு நொடிக்கு மேல் குறைந்தது.

அடுத்த தடத்தின் பெயர் திரையில் வந்தது. அப்பா ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். "வால்பாறையா?" அது வால்பரைசோ, தென் அமெரிக்காவில் சிலி நாட்டு ஊர் என்றேன். பெயர்ப் பொருத்தம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கடைக்காரரிடம் தன் கையாலேயே இருபது ரூபாய் கொடுத்து, "இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டட்டும்" என்றார்.

இந்த விளையாட்டைச் செய்தவர்கள் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து சிக்னோசிஸ் நிறுவனத்தார். 1993இல் சோனி அதை வாங்கியது. 1995 செப்டம்பரில் ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தபோது கூடவே வந்தது வைப்அவுட். வடிவமைப்பாளர் நிக் பர்கோம், சூப்பர் மாரியோ கார்ட் என்ற பந்தய விளையாட்டின் ஒலியை அடக்கிவிட்டு டெக்னோ இசையைப் போட்டு ஆடிப் பார்த்ததைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இந்த விளையாட்டின் உயிர் அந்த இசையில் இருக்கிறது என்பது ஆடியவர் எல்லோருக்கும் தெரியும். வண்டிகளின் மேல் உள்ள அணிச் சின்னங்களும் எழுத்துருக்களும் ஷெஃபீல்டின் டிசைனர்ஸ் ரிபப்ளிக் என்ற வடிவமைப்புக் குழுவின் கைவேலை. கற்பனை அணிகள்தான், ஆனால் நிஜமாகவே விளம்பரதாரர் பணம் கொடுத்து ஒட்டிய சின்னங்களைப் போல இருக்கும். 2012 ஆகஸ்டில் அந்த லிவர்பூல் ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இனி ஆயுதங்களைப் பற்றி. நான் இந்தப் பதிவை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

2097இல் வண்டிக்கு ஆற்றல் என்று ஓர் அளவு உண்டு. சுவரில் உரசினாலும் அடிபட்டாலும் குறையும், தீர்ந்தால் வண்டி வெடித்துவிடும். நிரப்ப வேண்டுமானால் பாதையை விட்டுப் பிரிந்து செல்லும் ஒரு கிளை வழியே போக வேண்டும். பேருந்து டீசலுக்கு ஒதுங்குவது மாதிரி. 2005இல் கையடக்கப் பெட்டியான பிஎஸ்பிக்கு வந்த வைப்அவுட் ப்யூரில் அந்தக் கிளை வழியை எடுத்துவிட்டு, வேறொரு விதியைக் கொண்டுவந்தார்கள். கையில் கிடைத்த ஆயுதத்தைச் சுடலாம், அல்லது விழுங்கலாம். விழுங்கினால் அது ஆற்றலாகக் கரைந்து வண்டிக்குள் போய்விடும். பெரிய ஆயுதம் என்றால் கூடுதல் ஆற்றல்.

பந்தய விளையாட்டுகளில் நான் பார்த்த விதிகளிலேயே மிகச் சிறந்தது இது. ஓர் ஆயுதம் கைக்கு வந்த கணத்திலேயே கேள்வியும் வந்துவிடுகிறது: முன்னால் போகிறவனை நிறுத்துவதா, நான் பிழைப்பதா? அதற்கு விடை ஒவ்வொரு வளைவுக்கும் மாறும். நீண்ட நேர்ப்பாதையில் ராக்கெட் கிடைத்தால் நான் சுட்டுவிடுவேன். கண்ணிவெடியைக் குறுகலான இடம் வரும்வரை வைத்திருப்பேன். தானியங்கி ஓட்டம் கிடைத்தால் உடனே விழுங்கிவிடுவேன், என் வண்டியை நானே ஓட்ட வேண்டும். இத்தனை முடிவுகளையும் சுவருக்கு ஓர் அடி தள்ளிப் பறந்துகொண்டே எடுக்க வேண்டும்.

2018இல் பிளேஸ்டேஷன் 4 வாங்கினேன், வைப்அவுட் ஒமேகா கலெக்‌ஷனுக்காகவே. எச்டி, ஃப்யூரி, 2048 ஆகிய மூன்று வைப்அவுட் வெளியீடுகளையும் சேர்த்து 2017இல் வெளியிட்ட தொகுப்பு அது. 26 தடங்கள், 46 வண்டிகள். அப்பா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், "காலுக்கு வேலை இல்லாத வண்டிதானே, கொடு" என்று கையை நீட்டினார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வைப்அவுட் எச்டி வெளியாகத் தாமதமானதே, ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கான சோதனையில் அது தேறாததால்தான். அதைத் திருத்திய பிறகே 2008இல் வந்தது. ஆனாலும் நிறங்கள் வேகமாக மாறும் விளையாட்டு. அதனால் அப்பா ஆடும்போது அறை விளக்கை அணைக்க விடுவதில்லை, நாற்காலியையும் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

அவர் தேர்ந்தெடுத்தது ஃபெய்சர் அணி வண்டி. வேகம் குறைவு, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பும். தடம் எப்போதும் செபென்கோ கிளைம்ப், மலைத் தடம். முதல் ஒரு மாதம் யாரோடும் போட்டியிடாமல் தனியாக நேரத்தை எதிர்த்தே ஓட்டினார். வளைவுகளுக்கு எண் வைத்தார். "நாலாவதில் வலது பக்கம் இரண்டு தட்டு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். எல் 2, ஆர் 2 பொத்தான்களை அவர் ஆள்காட்டி விரல்கள் தொடும் விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். முழுதாக அழுத்துவதே இல்லை. பொத்தான் பாதி இறங்கும், உடனே மேலே வரும். வண்டியின் முதுகில் மடல் ஒரு கணம் எழுந்து படியும். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வந்த கால், விரலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

பிறகு பந்தயத்துக்கு வந்தார். ஆயுதம் ஒன்றைக்கூடச் சுடவில்லை. கிடைத்ததை எல்லாம் வட்டப் பொத்தானை அழுத்தி விழுங்கிவிடுவார். "முன்னால் போகிறவனும் வண்டி ஓட்டுகிறவன்தானே, அவனை எதற்கு அடிக்க வேண்டும்?" இதில் அவரோடு நான் உடன்படவில்லை, பல முறை சொல்லியிருக்கிறேன். மெதுவான வெனம் வகுப்பில் சுடாமல் தப்பிக்கலாம். அதைவிட வேகமான ரேப்பியர் வகுப்புக்குப் போனால், முதலில் போகிறவனை அடிக்காமல் பிடிக்க என்னால் முடிந்ததில்லை. சுடுவதும் ஓட்டுநர் கணக்கில் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி. ஆனால் அடிப்பதற்கே மதிப்பெண் தரும் எலிமினேட்டர் வகை ஆட்டம் எனக்கும் பிடிக்காது. அதில் தடம் வெறும் பின்னணியாகிவிடுகிறது.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். எட்டு வண்டிகள், கடைசிச் சுற்று. அப்பா நான்காவது இடத்தில் இருந்தார். இரண்டாவதும் மூன்றாவதும் அவருக்கு எட்டும் தூரத்தில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு போயின. பின்னால் வந்தவன் விட்ட ஏவுகணை பட்டு அவர் ஆற்றல் ஒன்பதுக்கு இறங்கி, அளவுக்கோடு சிவந்துவிட்டது. அப்போது அவருக்குக் கிடைத்தது 'குவேக்'. பாதையையே பாய் உதறுவது போல உதறி, முன்னால் இருக்கும் எல்லோரையும் தூக்கிப்போடும் ஆயுதம். சுடுவதற்கான சதுரப் பொத்தானை அழுத்தினால் இரண்டாம் இடம் கைக்கு வந்துவிடும்.

"சுடுங்கள் அப்பா" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அவர் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு தட்டு. வட்டத்தை அழுத்தினார். குவேக் கரைந்தது, கோடு நிமிர்ந்தது. அடுத்த வளைவில் சுவரில் நன்றாகவே உரசினார். ஒன்பதில் இருந்திருந்தால் அங்கேயே வெடித்திருக்கும். இருப்பதைக் கொண்டு இறக்கத்தில் நிதானமாக வந்து, நான்காவதாகவே கோட்டைக் கடந்தார்.

எனக்கு மனம் ஆறவில்லை. சுட்டிருந்தால் அந்த வளைவை வேறு விதமாக எடுத்திருக்கலாம், வேகத்தைக் குறைத்தாவது வந்திருக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழவில்லை. இடம் எத்தனையாவது என்பதையும் பார்க்கவில்லை. டிப்போவில் வண்டியை விடும்போது டீசல் கணக்கைப் பார்ப்பாரே, அப்படி ஆற்றல் எண்ணைப் பார்த்தார்.

"பதினாலு மிச்சம்" என்றார். தோளில் கிடந்த துண்டால் கன்ட்ரோலரைத் துடைத்துவிட்டு, "அடுத்தது எந்த ரூட்?" என்று கேட்டார்.