இந்த செட் எனக்கு செட் ஆகல

அப்பாவுக்குப் புதுசாகப் பல் செட் கட்டினோம். நாலாவது நாளே கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, "இந்த செட் எனக்கு செட் ஆகலடா" என்றார். பாவம், ஈறு வலி அவருக்கு. எனக்கோ அந்த வாக்கியம்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே வரியில் இரண்டு செட். இரண்டும் ஒரே சொல்லா?

தோண்டிப் பார்த்தால், இல்லை. தொகுதி என்ற பொருளில் வரும் செட், லத்தீனில் 'செக்டா' என்று கிளம்பி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் பின்னால் போகிற கூட்டம் என்று அர்த்தம். செட் தோசை, மோட்டாரும் பம்பும் சேர்ந்த பம்பு செட், "அவன் எங்க காலேஜ் செட்டு" எல்லாம் இந்த வகையறா. அப்பாவின் இரண்டாவது செட் அசல் பழைய ஆங்கிலம், 'செட்டன்'. 'சிட்' என்றால் உட்கார், உட்கார வைத்தால் 'செட்'. நம் அமர், அமர்த்து மாதிரியேதான், ஆங்கிலத்தில் நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அலாரம் வைப்பது, உடைந்த எலும்பைப் பொருத்துவது, சிமெண்ட் இறுகுவது, ஜெல்லி உறைவது, சூரியன் மறைவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினைச்சொல். (கொத்தனாரும் "செட் ஆகட்டும் சார், கால் வைக்காதீங்க" என்றுதான் சொல்கிறார்.)

1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருளுக்கு மேல், விளக்கம் சுமார் 60,000 வார்த்தை. அப்புறம் 'ரன்' வந்து முந்திவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள், அதைத் தொகுக்க பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு 9 மாதம் பிடித்ததாம். ஒரு சொல்லோடு 9 மாதம்! எனக்கென்னவோ பொறாமையாகத்தான் இருந்தது.

நாமும் சும்மா இல்லை. பையனுக்கும் பெண்ணுக்கும் செட் ஆவது, காரியத்துக்கு ஆளை செட் பண்ணுவது என்று நம் பங்குக்குச் சேர்த்துக்கொண்டே போகிறோம். 'செட்டப்' என்ற சொல்லை இங்கே பெரியவர்கள் ஏன் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள் என்று ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்கிப் பாருங்கள்.

கணக்குப் பாடத்தில் மட்டும் தமிழாக்கிவிட்டோம். தமிழ்நாட்டில் அது 'கணம்', இலங்கையில் 'தொடை'. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் முகத்தில் சலனமே இல்லாமல், "பள்ளிக்கூடத்தில எனக்குத் தொடைதான் நல்லா வரும்" என்றார். எனக்கு அப்போது இது தெரியாது.