வாண்டா ஜாக்சன் என்னும் பெருங்குரல்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மாட் என்ற சிற்றூரில் 1937இல் பிறந்த வாண்டா ஜாக்சன், பள்ளி மாணவியாக வானொலியில் பாடி வந்தபோது, கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையின் கலைஞர் ஹேங்க் தாம்சன் அதைக் கேட்டுத் தம் குழுவுடன் பாட அழைத்தார். 1955இல் எல்விஸ் பிரெஸ்லியுடன் ஊர் ஊராகச் சென்று பாடிய நாட்களில், கன்ட்ரியோடு நின்றுவிடாமல் கன்ட்ரியும் ராக் அண்ட் ரோலும் கலந்த ராக்கபில்லியும் பாடும்படி அவரைத் தூண்டியவர் எல்விஸ்தான்.

வாண்டாவின் மேடை உடைகளைத் தாயாரே தைத்துக் கொடுத்தார். நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியின் மேடைக்கு, அவற்றுள் தோள் தெரியும் உடையொன்றில் சென்றபோது, தோள் தெரியப் பாடக் கூடாது என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டதால், குஞ்சம் வைத்த தோல் சட்டையொன்றை மேலே மாட்டிக்கொண்டு பாட வேண்டியதாயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. ஆனால் அந்தக் குரலை எந்தச் சட்டையாலும் மூட முடியவில்லை. மென்மையாகத் தொடங்கும் வரி, அடுத்த நொடியே தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் உறுமலாக மாறும்.

1958இல் பதிவான 'லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி' 1960இல்தான் தனி இசைத்தட்டாக வெளிவந்து வெற்றி கண்டது. பிறகு கன்ட்ரிக்குத் திரும்பியவர், எழுபதுகளில் கிறித்தவப் பக்திப் பாடல்களில் ஆழ்ந்தார். ராக் இசைச் சாதனையாளர்களைப் போற்றும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு 1986இலேயே எல்விஸைச் சேர்த்துக்கொண்டது. வாண்டாவுக்கு அந்த மரியாதை 2009இல்தான் கிடைத்தது. இந்தத் தாமதம் எனக்கு ஏற்புடையதே அல்ல. 2011இல், தமது 73ஆம் வயதில், ராக் இசைக்கலைஞர் ஜாக் ஒயிட்டின் தயாரிப்பில் புதிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 2019 வரை மேடைகளில் பாடினார்.