ஈயச்சொம்பு சரிந்த பிறகுதான் அடுப்பைத் திருப்பிப் பார்த்தேன்

புது அடுப்பு என்றால் முதல் இரண்டு மூன்று நாள் மஞ்சளாகத்தான் எரியும், போகப் போகச் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், எதிர்வீட்டில் சொன்னார்கள், அடுப்பை வாங்கி அனுப்பிய என் தம்பியும் தொலைபேசியில் சொன்னான். நானும் நம்பினேன். நம்பியதற்குப் பலியானது அம்மாவின் சீர்வரிசையில் வந்த ஈயச்சொம்பு. அதோடு விட்டதே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பாபநாசத்துக்கு அருகே குடமுருட்டிக் கரையில் இருக்கிறது எங்கள் வீடு. இருபது ஆண்டுகளாக எரிந்த எவர்சில்வர் அடுப்பின் அடித்தகடு துருப்பிடித்து உதிரத் தொடங்கியதும், மும்பையிலிருக்கும் தம்பி ஆனி மாதக் கடைசியில் மூன்று பர்னர் கொண்ட கண்ணாடி அடுப்பு ஒன்றைப் பார்சலில் அனுப்பிவைத்தான். அம்மாவுக்கு உதவியாக நான் கும்பகோணத்திலிருந்து போயிருந்தேன். பழைய டியூபை உருவிப் புதிய அடுப்பில் மாட்டுவதற்கு மெக்கானிக் எதற்கு என்று நானே மாட்டினேன். அன்று மாலையே பழைய அடுப்பைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். இரண்டுமே தவறு. புதியது ஒரு வாரம் ஒழுங்காக எரியும் வரை பழைய அடுப்பை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். அதை அனுப்பிவிட்டதால் அடுத்த மூன்று வாரம் கொல்லைப்புறத்தில் விறகடுப்பை மூட்டி, கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைத்தோம்.

பற்றவைத்ததும் தீ அரைச் சாண் உயரத்துக்கு எழுந்தது. அடியில் கொஞ்சம் நீலம், மற்றதெல்லாம் மஞ்சள். எண்ணெய் கருகுவது போல ஒரு வாடை வந்தது. அந்த வாடையில் தவறில்லை என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்: தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பசையும் பர்னரில் ஒட்டிய தூசும் முதல் முறை சூடேறும்போது கருகும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காமல் இருந்தது மஞ்சள் தீதான். மறுநாள் இட்லிப் பானையின் அடியில் விரல் வைத்தால் மை போல ஒட்டியது. அம்மா தலைவலி என்றார். சமையலறைக்கு அடித்த சுண்ணாம்பு வாடையாக இருக்கும் என்று நான் சொன்னேன். அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாடையே கிடையாது என்பது அப்போது என் நினைவில் வரவில்லை. அந்தத் தலைவலி எதனால் வந்தது என்று இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அன்று ஜன்னலைக்கூடத் திறக்காமல் இருந்தது என் மடமை.

மூன்றாம் நாள் அம்மா ஈயச்சொம்பில் ரசம் வைத்தார். ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, 232 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். உள்ளே நீர் இருக்கும் வரைதான் அது சொம்பாக நிற்கும். ஐம்பது வருடமாக அதைக் கையாளும் அம்மா, புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றி, தீயையும் முழுக்கச் சிறிதாக்கித்தான் வைத்திருந்தார். அந்த அடுப்பில் முழுக்கச் சிறிதாக்கிய தீயே சொம்பின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு மேலேறியது. ரசம் நின்ற மட்டத்துக்கு மேலே, வெறுமையாக இருந்த கழுத்துப் பகுதி ஒரு பக்கம் மினுமினுத்தது. பிறகு சத்தமே இல்லாமல், வெயிலில் வைத்த வெண்ணெய் போல உள்வாங்கிச் சரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ரெகுலேட்டரை மூடினார்.

அன்று மாலைதான் அடுப்பைத் தலைகீழாகத் திருப்பினேன். அடித்தகட்டில் விரற்கடை அகலத்துக்கு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: பி.என்.ஜி. அதாவது, குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கென்று ஜெட் (பர்னருக்குள் வாயுவை விடும் சிறு துளையுள்ள திருகு) பொருத்திய அடுப்பு அது. தம்பியின் குடியிருப்பில் குழாய் எரிவாயு இருப்பதால் அங்குள்ள கடைக்காரர் வழக்கமாக விற்பதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். “ரெண்டுக்கும் ஓடும்னு சொன்னான் அக்கா” என்றான் தம்பி. ஓடாது. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அதைவிடச் சிலிண்டர் வாயுவுக்குக் கன அளவுக்குக் கன அளவு இரண்டரை மடங்குக்கும் மேலான வெப்பம் உண்டு. அதனால் சிலிண்டர் அடுப்பின் ஜெட்டில் துளை சிறிதாகவும், குழாய் வாயு அடுப்பில் பெரிதாகவும் இருக்கும். பெரிய துளையில் சிலிண்டர் வாயுவை விட்டால் தேவைக்கு மேல் வாயு வந்து, போதிய காற்று கலக்காமல், மஞ்சளாக எரிந்து கரியைக் கக்குகிறது. வாங்கும்போது பெட்டியில் எல்.பி.ஜி. என்றிருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ஐ.எஸ். 4246 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும். (நரிமணத்திலும் குத்தாலத்திலும் எங்கள் டெல்டா மண்ணுக்கடியிலிருந்து எடுப்பது இந்த இயற்கை எரிவாயுவைத்தான் என்பதும், அதற்கான அடுப்பு மும்பையிலிருந்து வந்து எங்கள் வீட்டில் எரிய மறுத்ததும் தனிக் கதை.)

உள்ளூரில் அடுப்பு பழுதுபார்ப்பவர் ஒருவர், ஜெட்டை ஈயம் வைத்து அடைத்துச் சிறிதாகத் துளை போட்டுத் தருவதாகச் சொன்னார். நூற்றைம்பது ரூபாயில் வேலை முடியும் என்ற ஆசை எனக்கும் வந்தது. அம்மாதான் சரிந்த சொம்பைக் காட்டி, “இன்னொரு ஈய வேலை வேண்டாம்” என்றார். ஜெட்டின் துளை மயிரிழை கணக்கில் அளந்து போடுவது. அடைத்துக்கொண்டால்கூட ஊசி விட்டுக் குத்தக் கூடாது, துளை அகன்றுவிடும். அடுப்பு நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்துப் பதிவு செய்தோம். செவ்வாய் வருவதாகச் சொன்ன மெக்கானிக் வெள்ளிக்கிழமை வந்தார். வந்தவர் கையில் இரண்டு பர்னருக்குத்தான் ஜெட் இருந்தது. பெரிய பர்னருக்கு ஒன்று, சிறியதற்கு ஒன்று என்று அளவு மாறும். ஆகவே பதிவு செய்யும்போதே எத்தனை பர்னர், எந்தெந்த அளவு என்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனாலும் அவர் நல்ல மனிதர். ஸ்பானரைத் தொடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கேட்டார். சிலிண்டர் வாயில் ரெகுலேட்டர் அமரும் இடம், ரெகுலேட்டரில் டியூப் ஏறும் இடம், அடுப்பில் டியூப் ஏறும் இடம் என மூன்றிலும் நுரையைத் தடவிவிட்டுக் காத்திருந்தார். ரெகுலேட்டர் கழுத்தில் கடுகு கடுகாகக் குமிழ் கிளம்பியது. ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, ஆரஞ்சு டியூபைத் திருப்பி அதில் அச்சிட்டிருந்த மாதத்தையும் ஆண்டையும் காட்டினார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய டியூப் ஏழாவது ஆண்டில் ஓடிக்கொண்டிருந்தது. “ரெண்டையும் ஏஜென்சியில மாத்திட்டுக் கூப்பிடுங்கக்கா, அதுக்கப்புறம் ஜெட் போடறேன்” என்று சொல்லி, சிலிண்டரின் வெள்ளை மூடியை அழுத்தி மூடிவிட்டுப் போனார். நூலில் தொங்கும் அந்த மூடியை அறுத்தெறிந்துவிடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கசிவின்போது நம் கையில் இருக்கும் அடைப்பு அது ஒன்றுதான்.

இனி ஏஜென்சிக் கதை. இணைப்பு அப்பா பெயரில் இருந்தது. அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய செல்பேசி அம்மாவிடம் இருப்பதால் பதிவும் அதிலேயே நடந்தது, சிலிண்டர் போடுபவர் கேட்கும் எண்ணும் அதிலேயே வந்தது. மாற்றவேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை.

“ரெகுலேட்டர் மாத்தணும்னா சந்தாதாரர் வரணும் மேடம்.”

“அவர் தவறி மூன்று வருஷம் ஆகிறது.”

“அப்ப இத்தனை நாள் யாருக்கு சிலிண்டர் போட்டோம்?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இறப்புச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று மட்டும் அந்த எழுத்தர் சொன்னார். மறுநாள் அதைக் கொண்டுபோனேன்; அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தக நகல், முதன்முதலில் வைப்புத்தொகை கட்டியபோது கொடுத்த சந்தா வவுச்சர், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம் எல்லாம் வேண்டும் என்றார். இதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, நான் கேட்கவில்லை என்று பதில் வந்தது. வவுச்சர் அப்பாவின் தகரப் பெட்டியில், நிலவரி ரசீதுகளுக்கு நடுவே, நான்காக மடித்துக் கிடைத்தது. தம்பி கையெழுத்திட்டு வாட்ஸப்பில் அனுப்பிய கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தால் மைக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அது கூரியரில் வர நான்கு நாள். நாலாவது முறை அம்மாவையே அழைத்துப்போனேன். விரல்ரேகைக் கருவி பத்து விரலையும் ஏற்கவில்லை. வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? எழுத்தர் கையை விரித்தார். பக்கத்து இருக்கையிலிருந்த சின்னப் பெண்தான், செல்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி இருப்பதைச் சொல்லி, அம்மாவை வெளிச்சத்தில் நிறுத்தி ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள். அவளுக்குப் புண்ணியம். பழைய ரெகுலேட்டரை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். டியூபைக் காசு கொடுத்து வாங்கினோம்.

உங்கள் வீட்டு இணைப்பும் இல்லாதவர் பெயரில் இருந்தால், ரெகுலேட்டர் கசியும் வரை காத்திருக்காதீர்கள். முதல் நாளே தேவையான தாள்களை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொல்வது நாளுக்கொன்றாக வளரும்.

மெக்கானிக் மறுபடி வந்தது ஆடி பிறந்த பிறகு. மூன்று ஜெட்டையும் மாற்றிச் சோப்பு நுரை சோதனையை மீண்டும் செய்தார். இம்முறை ஒரு குமிழும் இல்லை. பிறகு மேடையின் கீழே எட்டிப் பார்த்தார். சிலிண்டர் தெரியக் கூடாது என்று கதவு போட்ட அறைக்குள் வைத்திருந்தோம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். எங்கள் சமையலறையில் அதற்கு நேர் பக்கத்திலேயே தண்ணீர் போகும் துவாரமும் இருப்பதால், வாயு அதற்குள் இறங்கி வேறெங்கோ போய் நிற்கவும் வழியிருந்தது. கதவுகளைக் கழற்றச் சொன்னார். சிலிண்டரைத் துவாரத்திலிருந்து விலக்கி, வெளிச்சுவரோரம் நிமிர்த்தி வைத்தோம். அந்தச் சுவரில் தரைமட்டத்தில் காற்றுப்போக்கிக்கு ஒரு செங்கல்லும் எடுத்தோம். இரவில் எப்போதாவது வாடை அடித்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லவைத்தார்.

இன்னொன்று அவர் சொல்லாமலே தெரிந்தது. மேற்குப்புற ஜன்னலை ஒட்டி அடுப்பை வைத்திருந்தோம். ஆடிக் காற்று ஒரு வீச்சு வீசியதும் சிறிய பர்னர் அணைந்தது, வாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. பால் பொங்கி அணைவதைக் கண்ணால் பார்க்கலாம். காற்றில் அணைந்தது தெரியவே தெரியாது. ஜன்னலை மூடுவது வழியல்ல, காற்று வேண்டும். ஆகவே அடுப்பை மேடையின் மறுகோடிக்கு நகர்த்தினோம். கடப்பைக் கல் அங்கே சற்று மேடுபள்ளம். நான்கு ரப்பர் காலும் சமமாக ஊன்றாவிட்டால் கண்ணாடிக்கு ஆகாது என்று, அடுப்புக்கு உயரம் சரிசெய்யும் கால்களையே திருகி மட்டம் பார்த்தார்.

பர்னர் மூடிகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஆடாமல் பள்ளத்தில் அமர்த்தி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதினைந்து நிமிடம் வெறுமனே எரியவிட்டோம். கருகல் வாடை வந்தது, போனது. தீ கட்டை விரல் உயரத்துக்கு நீலமாக, சத்தமில்லாமல், பர்னரை விட்டு எழும்பாமல் நின்றது. முதலில் பால் காய்ச்சினோம். பதினெட்டாம் பெருக்குக்குப் புளிசாதமும் தேங்காய்ச்சாதமும் அதே அடுப்பில்தான். பாத்திரத்தின் அடியில் விரல் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ரசம் மட்டும் எவர்சில்வரில்.

கழுத்துச் சரிந்த சொம்பை எடைக்குப் போட்டுப் புதிது வாங்க அம்மாவுக்கு மனமில்லை. கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறார். புது கேஸ் புத்தகம் போன வாரம் கைக்கு வந்தது. அதில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். திங்களன்று மறுபடி போகவேண்டும்.