கன்னவலியும் கணக்கில் வராத கேஸ் மாத்திரையும்

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ‘தற்போது உட்கொள்ளும் மருந்துகள்’ என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்குமே, அதில் மூன்று இடங்களில் ‘இல்லை’ என்று எழுதினேன். அப்போது நான் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராமை தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேஸ் மாத்திரையை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

வலி இடது கண்ணுக்குக் கீழே லேசான துடிப்பாகத்தான் தொடங்கியது. அப்புறம் காதோரத்திலிருந்து தாடை வரை இழுத்துப் பிடிக்கும், சில நாள் சுள்ளென்று குத்தும். பல் விளக்கும்போது அதிகமாக இருந்ததால் பல்தான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

பல் மருத்துவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனாலும் மேல் கடைவாய்ப் பல் ஒன்றைக் காட்டி, “திறந்து பார்த்துவிடலாம், ரூட் கெனால் தேவைப்படலாம்” என்றார். வலியில் இருப்பவன் எதற்குத்தான் சரி என்று சொல்ல மாட்டான்? வரவேற்பில் இருந்தவர் தேதி எழுதிக் கொடுத்தார். அரைநாள் விடுப்பு போட்டுப் போனால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. அவர்களுடைய விடுமுறை நாளையே எனக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறார்! போனையும் யாரும் எடுக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நின்று நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கோபத்தில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். சைனஸ் சுத்தமாக இருக்கிறது என்றார்.

அடுத்தது நரம்பியல். எம்ஆர்ஐ எடுத்த இடத்தில் சிடியைக் கொடுத்தார்கள், எழுத்து அறிக்கை கவரில் இல்லை. அது இல்லாமல் மருத்துவரைப் பார்க்க முடியாது என்று ஒரு கவுண்டரில் சொன்னார்கள். அறிக்கை கவரில்தான் இருக்கும் என்று இன்னொரு கவுண்டரில் சாதித்தார்கள். இரண்டு மணி நேரம் போனது. (சிடியை வாங்கும்போதே கவரைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.) ஸ்கேனில் கோளாறு இல்லை. “ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவாக இருக்கலாம்” என்றார் மருத்துவர். முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது, அதில் வருகிற வலி. ஆனால் அது மின்சாரம் பாய்ந்ததுபோல் நொடிக்கணக்கில் வெட்டிவிட்டுப் போகும் வலி. எனக்கோ மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நரம்பு வலிக்குத் தரும் கார்பமசெபின் எழுதித் தந்தார். வலி கால்வாசி குறைந்தது, தூக்கமும் தலைசுற்றலும் முழுதாக வந்தன.

நான்காவதாகப் பார்த்த பொது மருத்துவர் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, “வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்” என்றார். கொண்டுபோய்க் கொட்டினேன். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன் இருக்கிறதா என்று முதலில் தேடினார். அவற்றால் தாடையும் முகத் தசையும் இறுகிக்கொள்ள வாய்ப்புண்டாம். கேஸ் மாத்திரையோடு டோம்பெரிடோனைச் சேர்த்தே விற்கும் அட்டைகளும் உண்டு, பார்த்து வாங்குங்கள். என் பையில் அது இல்லை. பான்டோப்ரசோல் அட்டையைத் தூக்கி, “இது எவ்வளவு நாளாக?” என்றார். சொன்னேன். வீட்டுக்கு வந்து பழைய சீட்டைத் தேடி எடுத்தால், ‘8 வாரம்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நான்தான் கடையில் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வயிற்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் இந்த ரக மாத்திரைகளை நீண்ட நாள் போட்டால் சிலருக்குக் குடல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சாமல் போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே இதற்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் நரம்பும் தசையும் சும்மா இருக்காது, துடிக்கும், இழுக்கும். பரிசோதனைக்கூடத்தில், “எலக்ட்ரோலைட்ல எல்லாம் வந்துடும் சார்” என்றார்கள். சோடியம், பொட்டாசியம், குளோரைடு வந்தன. மெக்னீசியம் வரவில்லை. திரும்பவும் ஊசி குத்திக்கொண்டேன். அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு 1.1 வந்தது. 1.7-க்குக் கீழே போனாலே குறைவு.

மருத்துவர் அப்போதும் அடித்துச் சொல்லவில்லை. “தலைவலி இந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. முகவலிக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மெக்னீசியத்தை ஏற்றிப் பார்ப்போம்” என்றார். நான்கு பேரில் இவர் ஒருவர்தான் ‘தெரியாது’ என்று சொன்னவர். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

எனக்குத்தான் பொறுமை இல்லை. அன்றே பான்டோப்ரசோலைக் குப்பையில் போட்டேன். மூன்றாம் நாள் இரவு தொண்டை வரை அமிலம் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தே விடிந்தது. சட்டென்று நிறுத்தினால் வயிறு முன்பைவிட அதிகமாக அமிலம் சுரக்கும். நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கு இதே ரக மாத்திரை ஒன்றை 8 வாரம் கொடுத்து நிறுத்தியபோது பலருக்குப் புதிதாக நெஞ்செரிச்சல் வந்ததை 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, 20 மில்லிகிராம், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் இரவில் வேறு ரக அமில மாத்திரையான ஃபாமோடிடின் மட்டும் என்று அவர் சொன்னபடி இறங்கினேன். கூடவே மெக்னீசியம் மாத்திரை. கார்பமசெபினையும் அவரவர் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாதாம், அதை நரம்பியல் மருத்துவரே படிப்படியாகக் குறைத்தார்.

ஆறாவது வாரம் இடது பக்கமும் சேர்த்துப் பல் விளக்கினேன். மெக்னீசியம் 1.9. மாத்திரையால் வந்த வலியா, தானாக வந்து தானாகப் போனதா என்று இன்றுவரை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. அந்த மேல் கடைவாய்ப் பல் பத்திரமாக இருக்கிறது. நேற்று அதை வைத்து ஒரு பாட்டில் மூடியைத் திறக்கப் பார்த்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.