போகிறவர் கையில் போய்விடும் நோட்டு

தமிழ்நாட்டின் பதினாறாவது சட்டப்பேரவையின் பதவிக்காலம் 2026 மே 10ஆம் தேதியுடன் நிறைவடைகிறது. யாருக்குச் சீட்டு, எந்தக் கட்சி எந்தக் கூட்டணி என்பதைப் பற்றித் தேநீர்க் கடைகளிலேயே போதுமான அளவு பேசப்படுகிறது. என் கவலை, போகிறவர்களைப் பற்றியது. 234 உறுப்பினர்களில் சிலருக்குக் கட்சி மறுபடி வாய்ப்புத் தராது, சிலர் வயது கருதி ஒதுங்குவார்கள், சிலர் தோற்பார்கள். அவர்கள் போகும்போது ஐந்தாண்டுகளாக அவர்களை நம்பி மக்கள் கொடுத்த மனுக்கள் எங்கே போகின்றன என்ற கேள்வி, சொந்த அனுபவத்தால் எனக்குள் தங்கிவிட்டது.

2019இல் எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலுக்காக முப்பத்தொரு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொகுதி அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் பொறுப்பானவர். நீளவாக்கில் அட்டை போட்ட கணக்கு நோட்டில் வரிசை எண் இட்டு, தெருப் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளிலும் குறித்துக் கொடுத்தார். அடுத்த சில மாதங்களில் பொறியாளர் வந்து அளவெடுத்தார், மதிப்பீடும் தயாரானது. பிறகு 2021 தேர்தல் வந்தது, உறுப்பினர் மாறினார். துண்டுத் தாளோடு மறுபடி போனபோது அதே அறை, அதே இரும்பு பீரோ, ஆனால் உள்ளே அடித்தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தவிர வேறொன்றும் இல்லை. "அது போன எம்.எல்.ஏ. காலத்து மனுங்க சார், எங்ககிட்ட எதுவும் வரல. புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் புதிய உதவியாளர். அவர் மேல் குற்றமில்லை, அவரிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை.

ஒரு கிராம நிர்வாக அலுவலர் இடம் மாறினால்கூட அ-பதிவேடு, அடங்கல், புலப்படங்கள் என்று நில ஆவணங்கள் ஒவ்வொன்றையும் எண்ணிக் கையெழுத்திட்டு அடுத்தவரிடம் பொறுப்பு ஒப்படைத்த பிறகுதான் போகிறார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் பிரதிநிதி போகும்போது அப்படி ஒன்று நடந்ததை எங்கள் தொகுதியில் நான் கண்டதில்லை. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தவுடன் அலுவலகத்தைப் பூட்டி முத்திரையிடுகிறார்கள், பேருந்து நிழற்குடைகளில் உள்ள பெயர்களின் மேல் காகிதம் ஒட்டுகிறார்கள். பெயரை மறைப்பதில் காட்டும் இந்தக் கவனத்தில் சிறிதளவாவது மனுக்களைக் காப்பதிலும் இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தேர்தலின்போதும் எண்ணிக்கொள்கிறேன்.

பேரவைக்கு இந்தத் தொடர்ச்சி புதிதல்ல. பேரவை கலைந்தாலும் பேரவைத் தலைவர், புதிய பேரவை முதன்முறையாகக் கூடுவதற்குச் சற்று முன்புவரை பதவியில் நீடிக்கிறார், அரசியலமைப்பின் 179ஆம் பிரிவு அப்படி வகுத்திருக்கிறது. பேரவையில் நிலுவையில் இருக்கும் மசோதாக்கள் கலைப்போடு காலாவதியாகும் என்று 196ஆம் பிரிவு சொல்கிறது. மசோதா காலாவதியாவதற்காவது ஒரு விதி இருக்கிறது, எங்கள் மனு விதியில்லாமலே காலாவதியானது.

முறைப்படி விடைபெறுவதற்கு முன்பே உறுப்பினரை இழந்துவிட்ட தொகுதிகளின் நிலை இன்னும் கடினமானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தச் சொல்கிறது. ஆனால் எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி 2025 ஜூனில் காலமானார். அன்று முதல் அந்த மலைத்தொகுதிக்குப் பேரவையில் குரல் இல்லை. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் சிறுத்தைக்கும் யானைக்கும் அஞ்சிப் பொழுது சாய்ந்ததும் குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் தொழிலாளர்கள், ஏறத்தாழ பதினொரு மாதங்கள் தங்களுக்கென்று கேள்வி கேட்க ஒருவரில்லாமல் இருக்க வேண்டியதாயிற்று. 2025 நவம்பரில் கோபிசெட்டிபாளையத்தில் செங்கோட்டையனும் ஆலங்குளத்தில் மனோஜ் பாண்டியனும் பதவி விலகினார்கள். அவர்களின் அரசியல் காரணங்களுக்குள் நான் போகவில்லை. கட்சி மாறுவதும் விலகுவதும் அவரவர் உரிமை, ஆனால் அந்தத் தொகுதிகளில் மனு கொடுத்தவர்கள் விலகவில்லையே.

பணக் கணக்கு எப்படியோ கோப்பில் ஏறிவிடுகிறது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எதற்குச் செலவானது என்பது மாவட்ட நிர்வாகத்தின் ஏட்டில் இருக்கும். செலவாகாமல் நின்றுபோன கோரிக்கைக்குத்தான் ஏடு இல்லை. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், கட்சி வேறுபாடின்றி எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்டகாலமாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். நல்ல ஏற்பாடு அது. போகிறவர்கள் போவதற்கு முன் அந்தப் பத்தில் எவை முடிந்தன, எவை மதிப்பீட்டோடு நிற்கின்றன, எவை மறுக்கப்பட்டன என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகட்டும். மனு நோட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளட்டும், வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அங்கிருந்து அதைப் பெற்றுக்கொள்ளட்டும். இதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை, ஒரு பிற்பகல் நேரம் போதும்.

இதையே கேட்டு எங்கள் உறுப்பினருக்குப் போன வாரம் ஒரு கடிதம் கொடுத்தேன். 2021இல் நான் புதிதாக எழுதிக் கொடுத்த மனுவின் எண்ணையும், 2019 துண்டுத் தாளின் ஒளிநகலையும் அதோடு இணைத்தேன். உதவியாளர் நோட்டைத் திறந்து என் முன்பாகவே விரலால் வரிசையாகத் தேடி, அந்த எண்ணைக் கண்டுபிடித்து, "இருக்குங்க சார்" என்றார். தேர்தல் அறிவிப்பு எந்த நாளும் வரலாம் என்ற நிலையில், அந்த நோட்டு யார் கைக்குப் போகும் என்று கேட்டேன். ஐயாவிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.