புழு எங்க போச்சு?

டிசம்பர் வந்துவிட்டால் பெங்களூரில் தெருவுக்குத் தெரு அவரேகாய் குவியல்தான். நம் மொச்சை. அல்சூரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் காயை உரித்து, ராத்திரி ஊறவைத்து, காலையில் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைப்போம். அப்படி உரிக்கும்போது என் மகள் ஒரு காய்க்குள் புழுவைப் பார்த்துவிட்டு, "இது யார் வீடும்மா?" என்றாள். ஆயாவும் பேத்தியும் மொச்சை உரிக்கும் என் சிறுவர் கதை அங்கே தொடங்கியது.

மூன்றே இரவில் எழுதிவிட்டேன். 1,400 சொற்கள். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளத்தில் வாசிப்பு நிலைகளைப் பார்த்தேன். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600 வரை. என் கதை ஆறு வயதுக்காரர்களுக்கு. பாதிக்கு மேல் போயாக வேண்டும். எதை வெட்டுவது?

மொட்டைமாடியில் ஐந்து பிள்ளைகளை உட்காரவைத்துப் படித்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் இவர்களுக்குக் காது வழியாகத்தான். எந்த வரியில் யார் கால் ஆட்டத் தொடங்குகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன்.

முதல் வரியிலேயே அடி. "ஆயா கூப்பிட்டதைக் கேட்டு, எழுந்து, ஓடிப்போய், கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து..." என்று எச்சமாகக் கோத்திருந்தேன். ஒரு பையன் கேட்டான்: "கூடையை யாரு தூக்குனா? ஆயாவா?" வினைமுற்று வருவதற்குள் எழுவாய் அவனுக்கு மறந்துவிட்டது.

சரி, உடைத்து எழுதினேன். எடுத்தாள். உரித்தாள். பார்த்தாள். சிரித்தாள். இது அதைவிட மோசம்! வாய்விட்டுப் படித்தால் ஆள், ஆள், ஆள் என்று ரயில் ஓடுகிற மாதிரி இருந்தது. இந்த ஒரு பக்கத்தோடு பத்து நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் வினையையே எடுத்துப் பார்த்தேன். "ஒரு காய். இன்னொரு காய். மூன்றாவது காயில் ஒரு ஓட்டை." பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தமிழில் வினை இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்பது எனக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது.

பேச்சுக்கும் அதே கதி. "ஆயா, இது என்னவென்று பாருங்கள்" என்று படித்ததும், "டிவி நியூஸ் மாதிரி பேசுறா" என்று சிரித்தார்கள். "ஆயா, இங்க பாரேன்" என்று மாற்றினேன். கதை சொல்லும் வரிகளை மட்டும் எழுத்துத் தமிழிலேயே விட்டேன். நாளைக்கு அவர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அதுதான் சுலபம். 'வினவினாள்' என்று ஒன்று இருந்தது. எப்படி வந்ததோ தெரியவில்லை, தூக்கிவிட்டேன்.

முதலில் அனுப்பிய பதிப்பகம் ஏழு மாதம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கே படங்கள் வந்ததும் இன்னொரு வெட்டு. ஓவியர் வெளியூர்க்காரர். முதலில் பட்டாணியை வரைந்து அனுப்பினார். அரை கிலோ மொச்சையைக் கூரியரில் அனுப்பிவைத்தேன். படம் சரியானதும் பச்சைக் காய், வளைந்த காய், ஆயாவின் சிவப்புப் புடவை என்று படத்தில் தெரிவதையெல்லாம் எழுத்திலிருந்து அடித்தேன். மொச்சை வாசனையையும் விரலில் ஒட்டும் பிசுக்கையும் விட்டுவைத்தேன். அதை அவரால் வரைய முடியாதே!

எடிட்டரோடு ஒரே ஒரு சண்டை. "சென்னைப் பிள்ளைங்க ஸ்கூல் ஆயான்னு நினைச்சுக்கும், பாட்டின்னு போடுங்க மேடம்" என்றார். எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் ஆயாதான். முதல் பக்கத்தில் 'அப்பாவின் அம்மா' என்று இரண்டு சொல் சேர்த்து, ஆயாவைக் காப்பாற்றினேன்.

கடைசிப் பக்கத்தில் ஆயா, "எல்லா உயிரும் நமக்குச் சொந்தம்தான் கண்ணு" என்று அறிவுரை சொல்வாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கிய இடம். மாடியில் அதைப் படித்து முடித்ததும் ஒரு சின்னவள் கேட்டாள், "புழு எங்க போச்சு?"

புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்துக்குப் பிறகு புழுவை நானே மறந்துபோயிருந்தேன். அறிவுரையை எடுத்துவிட்டு அங்கே புழுவை வைத்தேன், ஜன்னல் கம்பியில், பாதி உடம்பைத் தூக்கிக்கொண்டு. 16 பக்கம், 540 சொல். ஆயா இப்போது குழம்பு மட்டும்தான் வைக்கிறாள்.