ப்ராக்ஸி வழியாக ரிமோட் டெஸ்க்டாப்: புட்டி டனல் போட்டு இணைத்த முறை

விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ராக்ஸி (நமக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் சர்வர்) முகவரியைப் போட்டதும் பிரவுசர் ஓடும். தொலைவில் உள்ள விண்டோஸ் மெஷினை இங்கிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் அசையாது. விண்டோஸோடு வரும் எம்எஸ்டிஎஸ்சி கிளையண்டில் எச்டிடிபி ப்ராக்ஸியையோ, சாக்ஸ் என்ற இன்னொரு வகை ப்ராக்ஸியையோ கொடுக்க இடமே கிடையாது. அது நேராக ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட்டான டிசிபி 3389-ஐத் தேடிப் போகும், ஃபயர்வால் மறித்துவிடும். அதனால் கிளையண்டுக்கு முன்னால் ஒரு எஸ்எஸ்எச் டனலை (குறியாக்கம் செய்த இணைப்புக்குள் இன்னொரு இணைப்பைக் கொண்டு செல்லும் வழி) வைத்து, அதை ப்ராக்ஸி வழியாக அனுப்புகிறோம். நெட்வொர்க் நிர்வாகியிடம் அனுமதி வாங்கிவிட்டே தொடங்குங்கள்.

முதலில் ப்ராக்ஸி எதை விடுகிறது என்று பார்க்க வேண்டும். வேறொரு சர்வருக்கு நேர் வழி கேட்கும் கனெக்ட் கோரிக்கைக்குப் பதிலாக 200 வந்தால் வழி திறந்திருக்கிறது. 407 வந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. 403 வந்தால் பெரும்பாலும் போர்ட்தான் தடை: ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருளின் ஆரம்ப அமைப்பு கனெக்ட்டை 443-க்கு மட்டுமே விடும். இதற்காக 3389-ஐத் திறக்கச் சொல்ல வேண்டாம். மறுமுனையில் இருக்கும் எஸ்எஸ்எச் சர்வரை அதன் வழக்கமான போர்ட் 22-உடன் 443-லும் கேட்க வையுங்கள். விண்டோஸ் மெஷினின் 3389-ஐ இணையத்தில் திறந்து வைக்கும் ஆபத்தும் இதோடு ஒழியும்.

புட்டி என்ற எஸ்எஸ்எச் கிளையண்டில் செஷன் பக்கத்தில் எஸ்எஸ்எச் சர்வரின் பெயர், போர்ட் 443. கனெக்ஷனுக்குக் கீழே ப்ராக்ஸி பக்கத்தில் வகை எச்டிடிபி, ப்ராக்ஸியின் பெயர், அதன் போர்ட் (ஸ்குவிட் என்றால் வழக்கமாக 3128), லாகின் விவரம். பிறகு எஸ்எஸ்எச்-க்குக் கீழே டனல்ஸ்: சோர்ஸ் போர்ட் 13389, டெஸ்டினேஷன் 10.0.0.5:3389 என்பது போல. இந்த டெஸ்டினேஷன், நாம் இணைய வேண்டிய விண்டோஸ் மெஷினுக்கு எஸ்எஸ்எச் சர்வரின் பார்வையில் உள்ள முகவரி. அங்கே 127.0.0.1 என்று எழுதினால் அந்த சர்வரையே குறிக்கும். 'ஆட்' பட்டனை அழுத்தாமல் ஓப்பன் கொடுத்தால் டனல் உருவாகாது. இது அடிக்கடி நடக்கிறது.

லாகின் ஆனதும் எம்எஸ்டிஎஸ்சி-யில் 127.0.0.1:13389 என்று கொடுங்கள் (இங்கே 127.0.0.1 நம் கணினியையே குறிக்கும்). சோர்ஸ் போர்ட்டாக 3389-ஐயே வைத்தால், ஏற்கெனவே ஒரு கன்சோல் செஷன் ஓடுகிறது என்று சொல்லிக் கிளையண்ட் மறுத்துவிடும். இணைப்பு உடனே அறுந்தால் புட்டியின் ஈவென்ட் லாகைப் பாருங்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரோஹிபிடெட்' என்ற வரி இருந்தால் எஸ்எஸ்எச் சர்வரில் டிசிபி ஃபார்வர்டிங் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஆளைக் குழப்புவது வேறொன்று: ப்ராக்ஸி 200 தருகிறது, அடுத்த நொடியே அறுக்கிறது. அது 443-இல் போகும் தரவைத் திறந்து பார்க்கும் வகை. எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் குறியாக்கமான டிஎல்எஸ் இணைப்பின் முதல் பைட்டுகள் 16 03 என்று வரும். எஸ்எஸ்எச் தன் பதிப்பை வெறும் எழுத்தாக அறிவித்துத் தொடங்கும். ரிமோட் டெஸ்க்டாப்பின் நெறிமுறையான ஆர்டிபி 03 00 என்று தொடங்கி, பிறகுதான் டிஎல்எஸ்-க்கு மாறும். எதிர்பார்த்த 16 வராததால் ப்ராக்ஸி வெட்டிவிடுகிறது. இங்கே டனலோடு மல்லுக்கட்டுவது வீண். ரிமோட் டெஸ்க்டாப்பை அசல் எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பும் ஆர்டி கேட்வே என்ற சர்வர் ஒன்றை மறுமுனையில் நிறுவி, எம்எஸ்டிஎஸ்சி-யின் அட்வான்ஸ்டு டேபில் அதன் பெயரைக் கொடுப்பதே சரி.

சும்மா இருக்கும் இணைப்பைச் சில ப்ராக்ஸிகள் கொஞ்ச நேரத்தில் துண்டித்துவிடும். புட்டியின் கனெக்ஷன் பக்கத்தில் கீப்அலைவ் (இணைப்பு அறாமலிருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தி) 60 விநாடி போதும். எம்எஸ்டிஎஸ்சி சான்றிதழ் எச்சரிக்கையும் காட்டும், ஏனெனில் சான்றிதழில் இருப்பது சர்வர் பெயர், நாம் தட்டியது 127.0.0.1. 'மறுபடி கேட்காதே' என்பதை டிக் செய்வதற்கு முன், சான்றிதழின் தம்ப்பிரிண்டை (அதை அடையாளம் காட்டும் எண்) சர்வரில் இருப்பதோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

லினக்ஸில் ஃப்ரீஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் கிளையண்ட் இருந்தால், ப்ராக்ஸி 3389-ஐ விடும் இடத்தில் டனலே வேண்டாம். எச்டிடிபி, சாக்ஸ்5 இரண்டையும் கட்டளையிலேயே கொடுக்கலாம். ப்ராக்ஸி பாஸ்வேர்டைக் கட்டளையில் எழுதினால், அதே மெஷினில் இருக்கும் மற்றவர்களுக்கு அது ப்ராசஸ் பட்டியலில் தெரியக்கூடும்.